வேலூரில் இருந்தபடி கேலக்ஸியின் காஸ்மிக் கதிரைத் தேடுவது எப்படி?

மாணவர்களைக் காவலூருக்கு அழைத்துப் போகும் ஒவ்வொரு முறையும், வேன் ஆலங்காயம் தாண்டி ஜவ்வாது மலையில் ஏறத் தொடங்கியதும் யாராவது ஒரு பிள்ளை கேட்டுவிடும்: "சார், அங்க எக்ஸ்ரே டெலஸ்கோப் இருக்கா?"

இல்லை. இருக்கவும் முடியாது. காவலூரில் இருக்கும் 2.34 மீட்டர் வைணு பாப்பு தொலைநோக்கி 1986-இல் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. அப்போது அந்த மலை வட ஆற்காடு மாவட்டம், இப்போது திருப்பத்தூர் மாவட்டம். அது கண்ணுக்குத் தெரியும் ஒளியையும் அதை ஒட்டிய பகுதிகளையும் பார்க்கும். வானத்திலிருந்து வரும் எக்ஸ்ரேயைக் காற்று மண்டலம் மேலேயே உறிஞ்சிவிடுகிறது. அப்படி உறிஞ்சாமல் விட்டிருந்தால் நாம் யாரும் இங்கே இருந்திருக்க மாட்டோம். ஆகவே எக்ஸ்ரே வானியல் முழுக்க முழுக்கச் செயற்கைக்கோளின் வேலை.

இதில் நமக்கு ஒரு வசதி இருக்கிறது. செயற்கைக்கோள் பதிவு செய்த தரவு, பெரும்பாலும் ஓராண்டு கழித்து, எல்லாருக்கும் இலவசமாகத் திறக்கப்படுகிறது. கேம்பிரிட்ஜில் இருப்பவர் இறக்கும் அதே கோப்பைச் சத்துவாச்சாரியில் இருப்பவரும் இறக்கலாம். வேண்டியது 8 ஜிபி நினைவகம் உள்ள ஒரு மடிக்கணினி, லினக்ஸ், பொறுமை. ஆக்டிவ் கேலக்ஸிகளில் காஸ்மிக் கதிர் விட்டுப்போன தடயத்தை எக்ஸ்ரே தரவில் தேடும் இந்த வேலைக்குள் நுழைய, பி.எஸ்சி. இயற்பியல் படித்தவர்கள் என்ன செய்ய வேண்டும் என்று கேட்டுக்கொண்டே இருப்பதால் எழுதி வைக்கிறேன்.

எதைத் தேடுகிறோம்?

காஸ்மிக் கதிர் என்பது பேருக்குத்தான் கதிர். உண்மையில் அவை ஒளி வேகத்தை நெருங்கி ஓடும் துகள்கள்: பெரும்பாலும் புரோட்டான்கள், கொஞ்சம் ஹீலியம் உட்கருக்கள், அதைவிடக் குறைவாக எலக்ட்ரான்களும் மற்றவையும். ஆக்டிவ் கேலக்ஸி என்றால் நடுவில் ஒரு பெருங்கருந்துளை வாயுவை விழுங்கிக்கொண்டு பிரகாசமாக எரியும் மண்டலம். அங்கே துகள்கள் முடுக்கப்படுகின்றன என்பதில் பெரிய சந்தேகம் இல்லை. ஆனால் புரோட்டான் மின்னூட்டம் உள்ளது. வழியில் காந்தப்புலம் அதை வளைத்துவிடும், எங்கிருந்து வந்தது என்று தெரியாது. அதனால் அது பிறந்த இடத்தில் செய்துவிட்டுப் போன வேலையைப் பார்க்கிறோம். எக்ஸ்ரேயில் அந்த வேலையின் தடயம் முக்கியமாக மூன்று விதமாகத் தெரியும்.

வேகமான எலக்ட்ரான், பெருவெடிப்பின் மிச்சமான நுண்ணலை ஃபோட்டானில் மோதி அதை எக்ஸ்ரே அளவுக்கு உயர்த்திவிடும். எலக்ட்ரானின் லோரன்ஸ் காரணி (ஒளி வேகத்தை எவ்வளவு நெருங்கிவிட்டது என்பதன் அளவு) 1000 என்றால் ஃபோட்டானின் ஆற்றல் சுமார் பத்து லட்சம் மடங்கு ஏறும், கிட்டத்தட்ட 1 கிலோ எலக்ட்ரான் வோல்ட் வரை. (இனி இதைக் கேஇவி என்றே சொல்கிறேன், ஆய்வகத்தில் அப்படித்தான் பேசுவோம்.) இன்னும் வேகமான எலக்ட்ரான் காந்தப்புலத்தில் சுழன்று நேரடியாகவே எக்ஸ்ரே தரும். மெஸ்ஸியே 87 என்ற கேலக்ஸியின் மையத்திலிருந்து பீறிடும் தாரையில் முடிச்சு முடிச்சாகத் தெரிவது அதுதான். அந்த எலக்ட்ரான்கள் சில பத்து ஆண்டுகளுக்குள் ஆற்றலை இழந்துவிடும். தாரையோ ஆயிரக்கணக்கான ஒளியாண்டு நீளம். அப்படியானால் மையத்தில் முடுக்கப்பட்டு அங்கே வந்து சேர்ந்தவையாக இருக்க முடியாது, அந்தந்த முடிச்சிலேயே முடுக்கப்படுகின்றன.

மூன்றாவது தடயம்தான் இந்தக் கட்டுரைக்கு முக்கியம். புரோட்டானோ எலக்ட்ரானோ குளிர்ந்த வாயு மேகத்துக்குள் புகுந்து, இரும்பு அணுவின் உள்கூட்டிலிருந்து ஓர் எலக்ட்ரானைத் தட்டிவிடும். காலியான இடத்துக்கு மேல்கூட்டிலிருந்து ஒன்று இறங்கும்போது 6.4 கேஇவி எக்ஸ்ரே வெளிவரும். எந்த ஆற்றலில் எவ்வளவு ஒளி என்று காட்டும் நிறமாலையில் அது கூர்மையான ஒரு கோடாகத் தெரியும். சிக்கல் என்னவென்றால், அதே எலக்ட்ரானை ஓர் எக்ஸ்ரே ஃபோட்டானும் தட்டிவிடலாம். அப்போதும் அதே 6.4-தான் வரும். தட்டியது யார் என்று கோட்டின் மேல் எழுதியிருக்காது.

எந்தக் கேலக்ஸி?

புதியவர்களுக்கு நான் என்ஜிசி 1068-ஐத்தான் கொடுப்பேன், மெஸ்ஸியே 77 என்றும் சொல்வார்கள். திமிங்கில விண்மீன் கூட்டத்தில் இருக்கிறது, சுமார் 4.7 கோடி ஒளியாண்டு தூரம். நல்ல இருட்டில் சிறிய தொலைநோக்கியிலேயே மங்கலாகத் தெரியும். தரவில் மூழ்குவதற்கு முன் ஒரு தடவையாவது கண்ணால் பார்த்துவிடுங்கள், வேலையில் ஒட்டுதல் வரும்.

இதைக் கொடுக்க இன்னொரு காரணம் உண்டு. அண்டார்க்டிகாவின் பனிக்கட்டிக்குள் இருக்கும் ஐஸ்கியூப் ஆய்வகம், இந்தக் கேலக்ஸியின் திசையிலிருந்து எதிர்பார்த்ததைவிட 79 நியூட்ரினோக்கள் (மின்னூட்டம் இல்லாத, எதையும் எளிதில் ஊடுருவும் துகள்கள்) கூடுதலாக வந்ததாக 2022-இல் அறிவித்தது. நியூட்ரினோ வருகிறது என்றால் அங்கே புரோட்டான் முடுக்கப்படுகிறது என்று பொருள். ஆனால் கூடவே வர வேண்டிய உயர் ஆற்றல் காமா கதிர் அந்த அளவுக்கு வரவில்லை. கருந்துளையை ஒட்டிய எக்ஸ்ரே மண்டலத்தில் அது சிக்கி, ஆற்றல் சிதறி, கீழே இறங்கிவிடுகிறது என்பது பரவலான விளக்கம். கீழே என்றால் எங்கே? எக்ஸ்ரேயிலும் அதற்குச் சற்று மேலேயும். அதனால்தான் இங்கே எக்ஸ்ரே நிறமாலைக்கு மவுசு.

நியூட்ரினோ என்றதும் நம் பக்கத்து ஊர்க் கதை ஒன்று ஞாபகம் வருகிறது. குடியாத்தம் பக்கமாக எல்லை தாண்டிப் போனால் கோலார் தங்க வயல். காஸ்மிக் கதிர் காற்றில் மோதி உண்டாக்கும் நியூட்ரினோவை உலகில் முதன்முதலாகப் பதிவு செய்த இடங்களில் அதுவும் ஒன்று, 1965-இல். சரி, வேலைக்கு வருவோம்.

தரவும் மென்பொருளும்

இரும்புக் கோட்டுக்கு எக்ஸ்எம்எம்-நியூட்டன் என்ற எக்ஸ்ரே செயற்கைக்கோளின் பிஎன் கேமரா தரவிலிருந்து தொடங்குங்கள். 1999 டிசம்பரில் ஏவிய கோள், இன்னும் உழைக்கிறது. 10 கேஇவிக்கு மேலே பார்க்க நூஸ்டார் செயற்கைக்கோள், அது 3 முதல் 79 வரை பார்க்கும். நம் ஆஸ்ட்ரோசாட்டை ஏன் முதலில் சொல்லவில்லை என்று கேட்பீர்கள். 2015-இல் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து போன அதன் பெரிய பலம், ஒரே பொருளைப் புற ஊதாவிலும் எக்ஸ்ரேயிலும் ஒரே நேரத்தில் பார்ப்பது. வேகமாக மாறும் பொருள்களுக்கு அருமையான கருவி. மங்கலான கேலக்ஸியில் ஒல்லியான ஒரு கோட்டை அளக்க அதைக் கொண்டுவருவது, கல்யாணப் பந்திக்கு வாங்கிய அண்டாவில் ஒரு டம்ளர் காபி போடுவது போல.

மென்பொருளில் மூன்று பெயர்கள் போதும்: எக்ஸ்ரே தரவுக்கான பொதுக் கருவிப்பெட்டி ஹீசாஃப்ட், நிறமாலையில் மாதிரி பொருத்தும் எக்ஸ்ஸ்பெக், எக்ஸ்எம்எம் தரவுக்கான சாஸ். மூன்றும் இலவசம். நிறுவுவதற்கு ஒரு முழு நாள் ஒதுக்குங்கள். அளவுத்திருத்தக் கோப்புகள் தனியாக ஜிபி கணக்கில் இருக்கும், ராத்திரி போட்டுவிட்டுத் தூங்கப் போங்கள். மே மாதம் கத்திரி வெயிலில் இதைச் செய்ய வேண்டாம். மின்சாரம் போய், பாதியில் நின்ற தொகுப்பை முதலிலிருந்து ஓட்டிய அனுபவம் எனக்கு இரண்டு முறை உண்டு.

இறக்கியதும் கையில் வருவது படம் அல்ல, பட்டியல். ஒவ்வொரு ஃபோட்டானும் எந்த நேரத்தில், எந்தப் புள்ளியில், எவ்வளவு ஆற்றலோடு விழுந்தது என்ற வரிகள். அதிலிருந்து நான்கு கோப்புகளை உண்டாக்க வேண்டும்: கேலக்ஸியின் நிறமாலை, பின்னணியின் நிறமாலை, கருவி ஆற்றலை எப்படிப் பரப்பிக் காட்டும் என்ற அணி (மேட்ரிக்ஸ்), எந்த ஆற்றலில் எவ்வளவு பிடிக்கும் என்ற பரப்பளவுக் கோப்பு. கடைசி இரண்டும் இல்லாமல் நிறமாலையைப் பார்த்து எதுவும் சொல்லக் கூடாது. மேடு தெரிவது கேலக்ஸியாலா, கண்ணாடியின் தங்கப் பூச்சாலா என்று பிரித்துச் சொல்பவை அவைதான்.

பின்னணி: நான் விழுந்த குழி

மற்ற படிகளை அவசரமாகக் கடந்தாலும் பரவாயில்லை, இதை மட்டும் நிதானமாகச் செய்யுங்கள்.

முதலில், சூரியக் காற்றோடும் பூமியின் காந்தப் பட்டையோடும் தொடர்புள்ள குறைந்த ஆற்றல் புரோட்டான்கள் அவ்வப்போது கண்ணாடி வழியாகவே புகுந்து கேமராவை நிரப்பிவிடும். அந்த நேரங்களை வெட்ட வேண்டும். 10 முதல் 12 கேஇவி வரை உள்ளதை மட்டும் எடுத்து, 100 விநாடிக்கு ஒரு புள்ளி என்று நேர வரைபடம் போடுங்கள். பிஎன் கேமராவுக்கு வழக்கமான வரம்பு விநாடிக்கு 0.4 எண்ணிக்கை. அதற்கு மேலே எகிறும் நேரமெல்லாம் குப்பை. சில சமயம் பாதித் தரவு போய்விடும். வயிறு எரியும், வெட்டத்தான் வேண்டும்.

அடுத்தது, இதைவிட நயமான எதிரி. நிஜக் காஸ்மிக் கதிர்கள், அதாவது நம் பால்வீதியின் காஸ்மிக் கதிர்கள், செயற்கைக்கோளின் உடம்பிலேயே மோதுகின்றன. மோதினால் என்ன ஆகும்? மேலே இரும்புக்குச் சொன்ன அதே கதைதான். கருவியின் அலுமினியம் 1.49-இல் ஒரு கோடு போடும், நிக்கல் 7.48-இல், செம்பு 8.05-இல், துத்தநாகம் 8.6-ஐ ஒட்டி. கோடிக்கணக்கான ஒளியாண்டுக்கு அப்பால் காஸ்மிக் கதிர் செய்த வேலையைத் தேடிப் போனால், நம் கேமராவுக்குள்ளேயே அது அதே வேலையைச் செய்துவிட்டு உட்கார்ந்திருக்கும்.

முதன்முதலாக இதைச் செய்தபோது, கேலக்ஸியை நடுவில் ஒரு வட்டம் போட்டு எடுத்தேன். பின்னணியைக் கேமராவின் ஓரத்திலிருந்து எடுத்தேன், அங்கே வேறு விண்மீன் இல்லை, இடம் காலி என்று. கழித்துப் பார்த்தால் 8 கேஇவியில் அழகான ஒரு பள்ளம். கணக்குப் போட்டேன். 6.7-இல் இருக்க வேண்டிய அயனியான இரும்பின் உறிஞ்சல் கோடு இது, 8.05-க்கு நகர்ந்திருக்கிறது, ஆகவே ஒளியின் வேகத்தில் ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவான வேகத்தில் வாயு வெளியே பாய்கிறது! அப்படிப்பட்ட வேகக் காற்றுகள் நிஜமாகவே சில கேலக்ஸிகளில் உண்டு. அதனால் எனக்குச் சந்தேகமே வரவில்லை. இரண்டு நாள் தரையில் கால் படவில்லை.

மூன்றாம் நாள் அம்மாவின் சங்கிலி ஒன்றை எடைபோட லாங் பஜாருக்குப் போனேன். கடைக்காரர் அதைக் காரட் மீட்டரின் சின்னப் பெட்டிக்குள் வைத்து மூடினார். தரம் பார்க்கும் அந்த மெஷினும் எக்ஸ்ரேதான்: உள்ளே ஒரு குழாய் எக்ஸ்ரே அடிக்கும், நகையில் உள்ள உலோகம் ஒவ்வொன்றும் தன் கோட்டைத் திருப்பி அனுப்பும். திரையில் தங்கத்தின் மேடுகள் 9.7-லும் 11.4-லும் உயர்ந்து நின்றன. அவற்றுக்கு இடப்பக்கம், சின்னதாக, கூர்மையாக ஒரு மேடு. "அது என்னங்க?" என்றேன். "செம்பு சார். இருபத்திரண்டு காரட்னா செம்பு இருக்கத்தான் செய்யும்" என்றார். கீழே அச்சில் எண்ணைப் பார்த்தேன். 8.05.

சங்கிலியைக்கூட வாங்காமல் வெளியே வந்துவிட்டேன், பிறகு அவர் கூப்பிட்டுக் கொடுத்தார். பிஎன் கேமராவுக்குப் பின்னால் ஒரு மின்சுற்றுப் பலகை இருக்கிறது. செம்புக் கோடு அதிலிருந்து வருகிறது, அந்தப் பலகையின் நடுவில் மட்டும் திறப்பு. எனவே கேமராவின் நடுவில் செம்புக் கோடு கிட்டத்தட்ட இல்லை, ஓரத்தில் பலமாக இருக்கிறது. ஓரத்தை எடுத்து நடுவிலிருந்து கழித்தால், இல்லாத செம்பைக் கழித்ததாகிறது. பள்ளம் விழாமல் என்ன செய்யும்?

ஆகவே பின்னணி வட்டத்தைக் கேமராவின் அதே சிப்பில், கேலக்ஸிக்கு அருகில், ஆனால் அதன் ஒளி படாத இடத்தில் எடுங்கள். பிறகு இரண்டு வெவ்வேறு இடங்களிலிருந்து பின்னணி எடுத்துப் பாருங்கள். பின்னணியை மாற்றினால் மறையும் கோடு கேலக்ஸியுடையது அல்ல. என்ஜிசி 1068-இல் இன்னொரு கண்ணியும் உண்டு. அங்கே நிஜமாகவே 7.47-இல் நிக்கல் கோடு இருக்கிறது, கருவியிலும் நிக்கல் இருக்கிறது. இரண்டையும் பிரித்துவிட்டீர்கள் என்றால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று.

மாதிரியைப் பொருத்துவது

எக்ஸ்ஸ்பெக்கில் நிறமாலையை நேரடியாகத் திருப்பிப் பிடிக்க முடியாது. ஒரு மாதிரியைச் சொல்லி, கருவி அதை எப்படிக் காட்டும் என்று கணக்கிட்டு, தரவோடு ஒப்பிட வேண்டும். முதலில் 3 முதல் 10 கேஇவி வரை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். கீழே உள்ள பகுதி நட்சத்திரப் பிறப்பு, சூடான வாயு, உறிஞ்சல் என்று பெரிய கூட்டுக் குடும்பம், பழகிய பிறகு போகலாம். ஃபோட்டான் எண்ணிக்கை குறைவாக இருந்தால், பொருத்தத்தை அளக்கக் கை-ஸ்கொயரை விட்டு, குறைந்த எண்ணிக்கைக்கு ஏற்ற சி-ஸ்டாட்டைப் பயன்படுத்துங்கள்.

என்ஜிசி 1068-இன் மையம் நமக்கு நேராகத் தெரியாது. தடித்த வாயுச் சுவர் மறைக்கிறது, நாம் பார்ப்பது பெரும்பாலும் சுவரில் பட்டுத் திரும்பும் எக்ஸ்ரே. பாலாற்றில் மேலே பார்த்தால் மணல்தான், தோண்டினால் ஊற்று. அதுபோல இங்கும் மறைந்திருப்பதை விளிம்பில் கசிவதை வைத்துத்தான் கணிக்கிறோம். அதனால் மாதிரியில் பிரதிபலிப்புக்கு ஒரு பகுதி கட்டாயம். பெக்ஸ்மான் என்ற மாதிரி தொடக்கத்துக்கு நல்லது, இரும்பு 6.4, அதன் துணைக்கோடு 7.06, நிக்கல் கோடு எல்லாவற்றையும் தானே கணக்கில் எடுக்கும். அதோடு 6.7-க்கும் 6.97-க்கும் அயனி இரும்பின் கோடுகளைத் தனியாகச் சேர்க்க வேண்டும். சிவப்புப் பெயர்ச்சியை, அதாவது கேலக்ஸி விலகிப் போவதால் ஆற்றல் சற்றுக் குறைந்து தெரிவதை, மறக்காதீர்கள். 0.0038 என்பதால் 6.4 நமக்கு 6.376-இல் வரும். சின்ன வித்தியாசம்தான், ஆனால் ஒருமுறை பெயர்ச்சியைப் பூஜ்யமாக விட்ட மாணவி ஒருத்தி "கோடு நகர்ந்திருக்கு சார்" என்று குதித்து வந்தாள். செம்புக் கதை தெரிந்ததால் நான் சிரிக்கவில்லை.

இதெல்லாம் பொருந்திய பிறகும் 6.4-இல் மிச்சம் இருந்தால், அப்போதுதான் கூடுதலாக ஒரு கோட்டைச் சேர்த்துப் பார்க்கலாம். அதன் உறுதியை அளக்கப் பலர் எஃப் சோதனை (இரண்டு மாதிரிகளை ஒப்பிடும் புள்ளியியல் சோதனை) போடுகிறார்கள். கோடு சேர்ப்பதற்கு அந்தச் சோதனை முறைப்படி பொருந்தாது. கூடுதல் கோடு இல்லாத மாதிரியிலிருந்து ஆயிரம் போலி நிறமாலைகளை உண்டாக்கி, எத்தனையில் தற்செயலாக இதே அளவு மேடு வருகிறது என்று எண்ணுங்கள். மடிக்கணினி ஒரு ராத்திரி ஓடும், ஓடட்டும்.

தட்டியது யார்?

இப்போது நிஜக் கேள்வி. எக்ஸ்ரே அடித்து வந்த 6.4 கோடாக இருந்தால், அதைத் தாங்கும் அடித்தளம் பிரதிபலித்த ஒளி. நேரடி ஒளி மறைந்திருக்கும்போது கோட்டின் சம அகலம் (அடித்தளத்தோடு ஒப்பிட்டால் கோடு எவ்வளவு பலம் என்ற அளவு) 1 கேஇவி அளவுக்குப் போகும், 7.1-இல் இரும்பின் உறிஞ்சல் படி ஆழமாக விழும். வேகமான எலக்ட்ரான் அடித்தால், அதே எலக்ட்ரான் வேகம் குறையும்போது தொடர் ஒளியையும் சேர்த்துக் கொடுக்கும். அதனால் சாதாரண இரும்பு அளவுக்குச் சம அகலம் சில நூறு எலக்ட்ரான் வோல்ட்டிலேயே நின்றுவிடும், படியும் அவ்வளவு ஆழமாக இருக்காது. புரோட்டானுக்கு அதன் ஆற்றல் பரவலைப் பொறுத்து இந்த எண் மாறும், எனவே சம அகலத்தை மட்டும் நம்பித் தீர்ப்பு எழுத வேண்டாம்.

நேரம்தான் கறாரான சாட்சி. சில ஆண்டு இடைவெளியில் எடுத்த தரவுகளை ஒப்பிடுங்கள். எக்ஸ்ரே வெடிப்பு ஓய்ந்தால், ஒளி மேகத்தைக் கடந்து போனதும் கோடும் மங்கும். மேகத்துக்குள் ஊறிப்போன காஸ்மிக் கதிர் அவ்வளவு சீக்கிரம் ஓயாது. நம் பால்வீதியின் மையத்தருகே ஆர்ச்சஸ் விண்மீன் கொத்தை ஒட்டிய மேகத்தில் 6.4 கோட்டைக் காஸ்மிக் கதிரின் வேலை என்று வலுவாக வாதிட்டார்கள். 2012 வாக்கில் கோடு சட்டென்று குறைந்ததும் அதன் பெரும்பகுதிக்கு அந்த வாதம் நிற்கவில்லை. என்ஜிசி 1068-இல் 2014 ஆகஸ்டில் நூஸ்டார் பார்த்தபோது 20 கேஇவிக்கு மேல் ஒளி மூன்றில் ஒரு பங்கு கூடியிருந்தது, கீழே இரும்புக் கோடு இருக்கும் பகுதி அசையவே இல்லை. சுவரில் ஓர் இடம் கொஞ்சம் மெலிந்து மையம் எட்டிப் பார்த்தது என்றுதான் அதற்கு விளக்கம் சொன்னார்கள். காஸ்மிக் கதிரை அழைக்கத் தேவைப்படவில்லை.

இன்னொரு சோதனைக்குக் கணினியே வேண்டாம், கால்குலேட்டர் போதும். துகள் மோதி 6.4 எக்ஸ்ரே உண்டாக்குவது மகா வீணான தொழில். துகளின் ஆற்றலில் லட்சத்தில் ஒரு பங்குகூட அந்தக் கோடாகத் தேறாது. உங்கள் கோடு விநாடிக்கு 10⁴⁰ எர்க் (எர்க் என்பது ஆற்றலின் அலகு) என்று வைத்துக்கொள்வோம். அத்தனையும் காஸ்மிக் கதிர் என்றால் விநாடிக்கு 10⁴⁵ எர்க்குக்கு மேல் துகள்களுக்கே போக வேண்டும். அது ஒரு நல்ல ஆக்டிவ் கேலக்ஸியின் மொத்த ஒளிக்குச் சமம். வருமானம் முழுவதையும் ஒரே செலவுக்குக் காட்டும் கணக்கை வருமானவரி அலுவலகமே ஏற்காது. மையத்தின் கோட்டில் பெரும்பங்கு காஸ்மிக் கதிரால் என்று சொல்ல வருகிறவர்களை இந்த ஒரு வரி நிறுத்திவிடும். மையத்துக்கு வெளியே, மங்கலான ஒரு மேகத்திலிருந்து வரும் 10³⁷ என்றால் கதை வேறு, அங்கே பேச இடம் இருக்கிறது.

இதே கணக்கு மனப்பான்மையைத் தாரை நம்மை நோக்கி இருக்கும் கேலக்ஸிகளிலும் பார்க்கலாம். டிஎக்ஸ்எஸ் 0506+056-இன் திசையிலிருந்து 2017 செப்டம்பர் 22 அன்று ஒரு நியூட்ரினோ வந்தபோது, புரோட்டான் எவ்வளவு இருக்கலாம் என்பதற்கு உச்ச வரம்பு போட்டதில் எக்ஸ்ரேக்குப் பெரிய பங்கு. நியூட்ரினோவோடு பிறக்கும் துணைத் துகள்கள் எக்ஸ்ரே பகுதியை நிரப்பியிருக்க வேண்டும். அங்கே ஆழமான ஒரு பள்ளம்தான் இருந்தது. இல்லாததும் சாட்சிதான்.

2023-இல் ஏவிய எக்ஸ்ரிஸம் கோள் 6 கேஇவியில் 5 எலக்ட்ரான் வோல்ட் நுணுக்கத்தில் அளக்கிறது. பிஎன் கேமராவுக்கு அது சுமார் 150. இரும்புக் கோடு 6.404, 6.391 என்ற இரண்டு கோடுகளின் சேர்க்கை என்பதே அதில் பிரிந்து தெரியும். அதன் தரவும் திறக்கத் தொடங்கிவிட்டது. ஆனால் பிஎன்னில் பின்னணியோடு மல்லுக்கட்டிப் பழகாமல் நேராக அங்கே போக வேண்டாம்.

கடைசியாக முடிவை எழுதும் விதம். எல்லாம் செய்த பிறகு பெரும்பாலும் கூடுதல் கோடு தேறாது. அப்போது கோப்பை மூடிவிடாதீர்கள். கூடுதல் கோட்டின் அளவை மெல்ல ஏற்றிக்கொண்டே போய், பொருத்தத்தின் மதிப்பு 2.71 கெடும் இடத்தில் நிறுத்துங்கள். அதுதான் 90 சதவீத உச்ச வரம்பு. அதை ஆற்றலாக மாற்றி, மேலே சொன்ன லட்சத்தில் ஒன்றால் வகுத்தால், அந்த மேகத்தில் துகள்கள் கொட்டும் ஆற்றலின் உச்சத்துக்குத் தோராயமாக ஓர் எண் கிடைக்கும். தேறும் பங்கு லட்சத்தில் ஒன்றைவிடக் குறைவாக இருந்தால் அந்த எண் இன்னும் ஏறும். எண்ணோடு எந்தத் தேதியின் தரவு, எந்தப் பின்னணி வட்டம், எந்த மாதிரி என்பதையும் எழுதி வையுங்கள். குறிப்பாகப் பின்னணி வட்டத்தின் மையமும் ஆரமும். ஆறு மாதம் கழித்து உங்களிடம் முதலில் கேட்கப்படுவது அதுதான்.